யாக்கோபின் நிருபத்தில் பொறுமை: ஒரு விளக்கம்

துன்பகாலப் பொறுமை பற்றிப் பேசும் கிறிஸ்தவ போதகர்கள் யாக்கோபின் நிருபத்தைப் பெரிதும் எடுத்தாள்வர். ஐந்தே அதிகாரங்கள் கொண்ட இச்சிறு நூல், ஏழைகளை அடங்கியிருக்குமாறு பணிக்கும் நூலாகவும் சில வேளைகளில் விளக்கப்பட்டுள்ளது. சமயம் உழைப்போரை மயக்கத்தில் ஆழ்த்துகின்றது என்னும் விமர்சனத்திற்கு இத்தகைய விளக்கங்களே இடமளித்தன. எனவே, இந்நிருபம் கூறும் பொறுமை யாது, அது எச்சூழலிற் கூறப்பட்டது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

தமிழில் 'பொறுமை', 'நீடிய பொறுமை' எனப் பெயர்க்கப்படுவன கிரேக்க மூலத்தில் இரு வேறு சொற்களாம். ஒன்று 'ஹுப்பொமொனே', கீழே நிலைத்திருத்தல் என்பது அதன் சொற்பொருள். சுமையை விட்டோடாது தாங்கி நிற்கும் உறுதியையே அது குறிக்கும். மற்றையது 'மக்ரோதுமியா', விரைந்து சினங்கொள்ளாத நெடிய உள்ளம் என அதனை விளக்கலாம். விசுவாசம் சோதிக்கப்படுவதால் விளைவது (1:3) முதலாவது பொறுமை. மழைக்குக் காத்திருக்கும் பயிர்ச்செய்கையாளனிடம் காணப்படுவது (5:7) இரண்டாவது. தமிழிலும் 'பொறை' என்பதற்குச் சுமை என்ற பொருள் உண்டு. எனினும், வழக்கில் அடக்கம் என்ற பொருளே மேலோங்கியமையால் மூலத்தின் உறுதிப்பொருள் மங்கிவிட்டது.

அடுத்து, சூழலைக் கவனித்தல் வேண்டும். ஐந்தாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்கள் செல்வரைக் கடுமையாகக் கண்டிக்கின்றன. வயல்களை அறுத்தவர்களுக்குக் கொடாது பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகின்றது என்கிறார் ஆசிரியர். இது புதிய கருத்தன்று. ஏழைக் கூலியாளின் ஊதியத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்தல் வேண்டும் என்பது உபாகமச் சட்டம் (24:14-15). பொறுமை பற்றிய பகுதி இக்கண்டனத்தை அடுத்து, 'ஆகையால்' என்ற பொருள்தரும் இணைப்புச் சொல்லுடன் தொடங்குகின்றது. கண்டனத்தை நீக்கிப் பொறுமையை மட்டும் போதிப்போர் அத்தொடர்பையே அறுத்துவிடுகின்றனர்.

பொறுமைக்கு உதாரணமாகக் காட்டப்படும் யோபுவும் (5:11) மௌனமாயிருந்தவன் அல்லன். தான் பிறந்த நாளைச் சபித்தான்; இறைவனோடு வழக்காட விரும்பினான். துன்பத்தைப் பாவத்தின் தண்டனையாக்கி அவனைக் குற்றஞ்சாட்டிய நண்பர்களையே இறைவன் இறுதியிற் கடிந்தார் (யோபு 42:7). பயிர்ச்செய்கையாளனும் வாளாவிருப்பவன் அல்லன். பலஸ்தீனத்தில் ஐப்பசி, கார்த்திகையளவில் முன்மாரி பெய்யும். பங்குனி, சித்திரையளவிற் பின்மாரி வரும். உழுது விதைத்தவனுக்கே இவ்விரு மழைகளையும் எதிர்நோக்கும் உரிமையுண்டு.

விசுவாசம் பற்றிய கருத்தும் இதற்கு இயைந்ததே. உடையும் உணவுமற்ற சகோதரனை வெறும் நல்வாழ்த்துக் கூறி அனுப்புவோரின் விசுவாசம் செத்தது என்கிறது நிருபம் (2:14-17). கிரியைகளுக்கு அது கொடுத்த இம்முக்கியத்துவமே மார்ட்டின் லூதரை உறுத்தியது. அவர் தமது 1522ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் இதனை வைக்கோலுக்கு ஒப்பிட்டார்.

இந்நிருபம் கிளர்ச்சிக்கு அழைக்கின்றது எனக் கூறுதல் பொருந்தாது. கர்த்தரின் வருகையிலேயே அது நம்பிக்கை வைக்கின்றது. ஆயினும், அநீதியை அநீதியென வெளிப்படையாகக் கூறிய பின்னரே அது பொறுமையைக் கேட்கின்றது. கூலியைப் பிடித்துவைத்தவன், கூலி இழந்தவனுக்குப் பொறுமையைப் போதிக்க இந்நூலில் ஆதாரம் இல்லை என்பதே நாம் பெறும் முடிபாகும்.