பிள்ளைக்கும் ஒரு பயனர் கணக்கு

2023 ஜூன் முதல் வாரம். மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் வழக்கம்போல ‘மோட்’ கோப்புகளைத் தேடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் புதிய விலங்கு, புதிய கருவி, புதிய நிலப்பரப்பு என்று எதையாவது கூட்டித் தரும் சிறு நிரல்தான் மோட். யார் வேண்டுமானாலும் எழுதலாம். கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். அந்தத் தளத்தில் மோட் எழுதுபவர்கள் சிலரின் கணக்குகளைத் திருடர்கள் கைப்பற்றி, அவர்கள் பெயரிலேயே தீநிரல் கலந்த மோட்களை ஏற்றியிருந்தது அந்த வாரம்தான் தெரியவந்தது. அந்தத் தீநிரலுக்கு ‘ஃபிராக்சரைசர்’ என்று பெயர் வைத்தார்கள்.

மோட் ஓடத் தொடங்கியதும் அது இணையத்திலிருந்து தன் அடுத்த பாகத்தை இறக்கிக்கொண்டது. கணினியை அணைத்துப் போட்டாலும் மறுபடி எழுந்துகொள்ளும்படி தன்னைத் தொடக்கப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் வாரியது. கணினியில் இருந்த மற்ற ‘ஜார்’ வகை நிரல் கோப்புகளுக்குள்ளும் புகுந்தது. விளையாட்டு மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் போகும் தளத்தில், தெரிந்த பெயரில் இருந்ததைத்தான் எடுத்தார்கள். கணினி அவர்களுடையதாக மட்டும் இருந்திருந்தால் இழப்பு விளையாட்டுக் கணக்கோடு போயிருக்கும். ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே கணினி. பகலில் அதில் டேலி ஓடும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகும், வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் அதில்தான் இருக்கும். மாலையில் அதே கணினியில் பிள்ளை விளையாடும். அப்போது திருட்டுப்போவது யாருடைய கடவுச்சொல்?

கணினிக்கு ஆளைத் தெரியாது

நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அம்மாவா, மகனா என்று கணினி பார்ப்பதில்லை. எந்தப் பயனர் கணக்கு திறந்திருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு நிரலைத் திறந்ததும், எந்தக் கணக்கிலிருந்து திறந்தோமோ அந்தக் கணக்கின் அடையாளத்தை விண்டோஸ் அந்த நிரலுக்குக் கொடுத்துவிடுகிறது. பிறகு அந்த நிரல் எந்தக் கோப்பைக் கேட்டாலும், இந்த அடையாளத்துக்கு அந்தக் கோப்பில் அனுமதி உண்டா என்று மட்டும் சரிபார்க்கிறது. ஆக, நம் கணக்கில் ஒரு மோட் கோப்பைத் திறப்பது, முன்பின் தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவிக்கொத்தை முழுதாகக் கொடுப்பதற்குச் சமம். நம்மால் திறக்க முடிந்த எதையும் அந்த நிரலாலும் திறக்க முடியும்.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்டுத்தானே இருக்கின்றன என்று தோன்றலாம். உண்மைதான். ஆனால் அந்த மறையை அவிழ்க்கும் திறவுகோலை விண்டோஸ் நம் பயனர் கணக்கோடு பிணைத்து வைத்திருக்கிறது. அதே கணக்கில் ஓடும் வேறொரு நிரலும் அவிழ்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். இதைத் தடுக்கவே 2024 ஜூலையில் குரோம் கூடுதலாக ஒரு பூட்டு போட்டது. சில மாதங்களிலேயே திருட்டு நிரல்கள் அதையும் தாண்டின.

ஓடிபி இருக்கிறதே என்ற தைரியமும் முழுதாகச் செல்லாது. ஓடிபி கொடுத்து உள்ளே போனதும், ‘இவர் சோதிக்கப்பட்டவர்’ என்பதற்கு அடையாளமாக அந்தத் தளம் நம் பிரவுசரில் ஒரு குக்கியை வைக்கிறது. அடுத்த முறை கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்காமல் உள்ளே விடுவது அதை நம்பித்தான். குக்கியைத் திருடியவருக்கும் பெரும்பாலும் அதே மரியாதைதான். வங்கித் தளங்கள் சில நிமிடங்களில் நம்மை வெளியேற்றிவிடுவதால் அங்கே ஆபத்து குறைவு. மின்னஞ்சலோ வாரக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. மற்ற எல்லாத் தளங்களும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற கேள்விக்குப் பதில் அனுப்புவதும் அந்த மின்னஞ்சலுக்குத்தான்.

இந்தத் திருட்டு இன்று ஒரு தொழிலாகவே நடக்கிறது. ‘லும்மா’ என்ற ஒரே திருட்டு நிரல், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க உதவும் ‘சீட்’ நிரல்களும், காசு கொடுக்காமல் கிடைக்கும் ‘கிராக்’ விளையாட்டுகளும் இத்தகைய நிரல்கள் வீட்டுக்குள் வரும் முக்கியமான வழிகள்.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. கடவுச்சொற்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-ல் நடந்த பெருந்திருட்டுக்கு வழி திறந்தது, அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி. அதில் இருந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியே புகுந்தவர்கள், அவர் தட்டச்சு செய்வதைப் பதிவுசெய்யும் நிரலை வைத்து முதன்மைக் கடவுச்சொல்லை எடுத்தார்கள். பொழுதுபோக்கும் வேலையும் ஒரே கணினியில் கலந்ததன் விலை அது.

அறுபது ஆண்டுக்கு முந்தைய விடை

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சிக்கல் புதிதல்ல. 1961-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ‘சிடிஎஸ்எஸ்’ என்ற முறையைச் செய்துகாட்டியது. ஒரு பெரிய ஐபிஎம் கணினியை ஒரே சமயத்தில் பலர் பயன்படுத்தலாம். ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். கணினியில் கடவுச்சொல் புழங்கத் தொடங்கியது ஏறத்தாழ அங்கிருந்துதான். ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று நேர வரம்பும் இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு அது போதவில்லை. 1962-ல் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்து, அடுத்தவர் கணக்கில் புகுந்து வேலையை முடித்துக்கொண்டார். நேர வரம்பு வைத்தால் அதை மீறவும் வழி தேடுவார்கள் என்பதைப் பெற்றோர் அன்றாடம் பார்க்கிறார்கள்; அதன் முதல் பதிவுகளில் ஒன்று இது.

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் ‘ஸ்பேஸ் டிராவல்’ என்று ஒரு விளையாட்டு எழுதினார். ஆய்வகத்தின் பெரிய கணினியில் அதை ஒருமுறை ஆட ஏறக்குறைய 75 டாலர் செலவானது. வேலைக் கணினியில் விளையாட்டு கட்டுப்படியாகாததால், அதிகம் யாரும் தொடாத ஒரு சின்ன பிடிபி-7 கணினிக்கு அதை மாற்றினார். அந்தக் கணினியில் தொடர்ந்து வேலை செய்தபோதுதான் யூனிக்ஸ் இயங்குதளம் உருவானது. ஒவ்வொரு கோப்பையும் யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று குறித்துவைக்கும் ஏற்பாட்டை யூனிக்ஸ் உலகெங்கும் பரப்பியது. 1975-ல் சால்ட்சரும் ஷ்ரோடரும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் இதன் அடிப்படையை வகுத்துச் சொன்னார்கள்: ஒரு நிரலுக்கும் ஒரு பயனருக்கும் தம் வேலையை முடிக்கத் தேவையான அதிகாரம் மட்டுமே இருக்க வேண்டும். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது.

வீட்டுக் கணினி வந்தபோது இந்த அறிவு கொஞ்சகாலம் கைநழுவியது. விண்டோஸ் 95-ல் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை எஸ்கேப் பொத்தானை அழுத்தியே கடந்துவிடலாம். 2001-ல் வந்த எக்ஸ்பி, நிறுவும்போது தொடங்கும் கணக்குகள் எல்லாவற்றுக்கும், கணினியில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் அதிகாரம் கொடுத்தது. 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டாதான் பெரிய மாற்றங்களுக்கு முன்னால் நிறுத்தி அனுமதி கேட்கத் தொடங்கியது. இன்றும் புதுக் கணினியில் முதலில் தொடங்கும் கணக்கு அட்மின் கணக்குதான். அதையே வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவதுதான் சிக்கலின் வேர்.

தனிக் கணக்கு என்ன செய்யும்?

பிள்ளைக்கு விண்டோஸில் ‘ஸ்டாண்டர்டு’ வகைக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். ஃபிராக்சரைசர் அந்தக் கணக்கில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். விண்டோஸில் அது தன்னைப் பதித்துக்கொண்டது அந்தப் பயனருக்கே உரிய கோப்புறையிலும் தொடக்கப் பட்டியலிலும்தான். ஆகவே பிள்ளை தன் கணக்கைத் திறக்கும்போது மட்டுமே எழுந்திருக்கும். பிள்ளையின் குக்கிகள் போயிருக்கும். உங்கள் குக்கிகளைப் படிக்க விண்டோஸ் அனுமதித்திருக்காது.

அட்மின் கணக்கில் அனுமதிப் பெட்டி வந்தால் ‘எஸ்’ என்று அழுத்தினால் போதும். ஸ்டாண்டர்டு கணக்கில் அட்மினின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கடவுச்சொல்லும் பின் எண்ணும் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானோடு ‘எல்’ எழுத்தை அழுத்திப் பூட்டுவதைப் பழக்கமாக்குங்கள்.

இங்கே பலர் கோட்டை விடும் இடங்கள் மூன்று. ஒன்று, டி டிரைவ். அலுவலகக் கோப்புகளை அங்கே போட்டுவைப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் தனிக் கணக்கு காப்பது சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புறையைத்தான். டி டிரைவைப் பொறுத்தவரை, அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் கோப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்பதே விண்டோஸின் இயல்பான அமைப்பு. எனவே வேலைக் கோப்புகளை உங்கள் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்கு மாற்றுங்கள். டேலியின் தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். இரண்டு, பென் டிரைவ். வழக்கமாக வரும் பென் டிரைவ்களில் கணக்குவாரியான அனுமதி என்பதே கிடையாது. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மூன்று, குரோமில் பிள்ளைக்கென்று தனி ‘புரொஃபைல்’ வைத்தால் போதும் என்ற எண்ணம். இரண்டு புரொஃபைல்களும் ஒரே விண்டோஸ் கணக்குக்குள் இருக்கும்வரை ஒரு திருட்டு நிரல் இரண்டையும் படிக்கும்.

இந்த ஏற்பாட்டில் பிள்ளைக்கும் லாபம் உண்டு. மாதக்கணக்கில் கட்டிய மைன்கிராஃப்ட் உலகம் அவர்கள் கோப்புறையில் பத்திரமாக இருக்கும். இடம் போதவில்லை என்று நாம் எதையாவது அழிக்கும்போது அது சேர்ந்து போகாது.

எது போதாது?

சில விளையாட்டுகளுக்குத் தனிக் கணக்கும் போதாது. போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுவதைத் தடுக்கும் நிரல்கள் சில, இயங்குதளத்தின் மையமான ‘கெர்னல்’ வரை இறங்குகின்றன. 2020-ல் வாலரன்ட் விளையாட்டோடு வந்த ‘வேன்கார்ட்’ அப்படிப்பட்டது. கெர்னலில் ஓடுவது பயனர் கணக்குகளின் எல்லைக்குக் கட்டுப்படாது. நல்ல நோக்கத்தோடு எழுதிய நிரலானாலும் அதில் ஓட்டை இருந்தால் விளைவு பெரிது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் ஏமாற்றுவதைத் தடுக்க கெர்னலில் ஓடும் ‘டிரைவர்’ நிரலை எடுத்துக்கொண்டு, 2022-ல் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்) கும்பல் ஒன்று கணினிகளின் ஆன்டிவைரஸை முடக்கியது. அந்த விளையாட்டை நிறுவாத கணினிகளிலும் அந்த டிரைவரைக் கொண்டுவந்து போட்டு அதைச் செய்தார்கள். கெர்னல் வரை போகும் விளையாட்டுக்கு வேலைக் கணினியில் இடம் கொடுக்கக் கூடாது. அதற்கு வேறு கருவிதான் வழி.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பைப் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். அதிலுள்ள தரவு நம்முடையது அல்ல. அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. சொந்தக் கணினியில் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்தபடியே அட்மின் அதிகாரத்தைக் கைப்பற்ற உதவும் ஓட்டைகளை அடைப்பது அதுதான். முக்கியக் கோப்புகளின் பிரதி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி வையுங்கள். இணைப்பிலேயே இருக்கும் பிரதியையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.

பிள்ளையை விளையாடவிடாமல் தடுப்பது இதற்குத் தீர்வாகாது. தடுத்தால் நாம் இல்லாத நேரத்தில் நம் கணக்கிலேயே விளையாடுவார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தனிக் கணக்கு கொடுத்த பிறகு, ‘அம்மா, இது பாஸ்வேர்ட் கேக்குது’ என்று பிள்ளை கூப்பிடும் நேரம் வரும். அடுப்படியிலிருந்தபடியே கடவுச்சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். நிரலின் பெயர் என்ன, வெளியிட்டவர் யார், எங்கிருந்து இறக்கியது, ஒரு விளையாட்டுக்கு இந்த அதிகாரம் எதற்கு? பதில் கிடைத்தால் அனுமதிக்கலாம். கிடைக்காவிட்டால் ‘நோ’ அழுத்தலாம். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன் சொந்தக் கணினியிலும் அவற்றைக் கேட்கும்.