கால்வாய்க் கரையில் குட்டிக் காலணிகள்!

விடுமுறை விட்டால் பஸ்ஸிலோ ரயிலிலோ ஊருக்குப் போவீர்கள். ஒரு வாரம் முழுக்கப் படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, ஊர் ஊராகச் சுற்றினால் எப்படி இருக்கும்? அயர்லாந்து நாட்டில் பலர் அப்படித்தான் விடுமுறையைக் கழிக்கிறார்கள்!

பிரிட்டனுக்கு மேற்கே உள்ள பசுமையான தீவு அயர்லாந்து. அங்கே ஓடும் மிக நீளமான ஆறு ஷானன். அந்த ஆற்றையும் டப்ளின் நகரத்தையும் இணைப்பது ராயல் கால்வாய். நீளம் சுமார் 146 கி.மீ. 1790-ல் வெட்டத் தொடங்கி, 1817-ல் ஷானன் வரை கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் கரையில் நடக்கும் குதிரைதான் கயிறு கட்டிப் படகை இழுக்கும். இப்போது எஞ்சின் படகு. ஆனாலும் மணிக்கு 6 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வேகமாகப் போனால் அலை அடித்துக் கரை கரைந்துவிடும் அல்லவா?

படகு ஏறும் படிக்கட்டு

வழியில் நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. தண்ணீர் மேடு ஏறாதே, படகு எப்படி ஏறும்? அதற்குத்தான் 'லாக்' என்னும் நீர்ப்பூட்டு. அது இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய கல் தொட்டி. கீழ்க் கதவைத் திறந்து படகை உள்ளே விடுவார்கள். பிறகு அதை மூடிவிட்டு, மேல் கதவில் உள்ள சின்ன மதகைத் திறப்பார்கள். மேல் கால்வாய்த் தண்ணீர் தொட்டிக்குள் வரும். தண்ணீர் உயர உயரப் படகும் உயரும். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமானதும் மேல் கதவைத் திறந்தால், படகு தன் வழியே போகும். இப்படி 46 இடங்களில் நீர்ப்பூட்டுகள் உள்ளன!

மூடிய கால்வாய் திறந்தது

1845-ல் ஒரு ரயில் கம்பெனி இந்தக் கால்வாயை விலைக்கு வாங்கி, அதன் ஓரமாகவே தண்டவாளம் போட்டது. ரயில் வந்ததும் படகுகள் குறைந்தன. 1961-ல் கால்வாயையே மூடிவிட்டார்கள். சேறும் செடியும் மண்டின. இதைப் பார்த்து மனம் பொறுக்காத மக்கள் 1974-ல் ஒரு குழு அமைத்தார்கள். சம்பளம் வாங்காமல் சேற்றை அள்ளினார்கள். உடைந்த கதவுகளைச் சரி செய்தார்கள். பிறகு அரசும் கை கொடுத்தது. 2010-ல் கால்வாய் முழுவதும் மறுபடி படகுகள் ஓடின!

யாருடைய காலணி?

இந்தக் கரையில் நடப்பவர்கள் சில இடங்களில் சட்டென்று நின்று விடுவார்கள். வெண்கலத்தில் செய்த ஒரு ஜோடி குட்டிக் காலணிகள் அங்கே இருக்கும். அவை ஏன்?

அந்தக் காலத்தில் அயர்லாந்தின் ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சாப்பாடு. 1845-ல் ஒரு நோய் தாக்கி, ஏராளமான கிழங்குகள் அழுகிப்போயின. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அப்போதும் அந்த நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது!

1847-ல் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற ஊரின் நிலச்சுவான்தார், வாடகை கொடுக்க முடியாத 1,490 பேரைக் கனடாவுக்கு அனுப்பிவிட முடிவு செய்தார். பசியோடு அவர்கள் இந்தக் கால்வாய்க் கரை வழியாகவே டப்ளின் வரை நடந்தார்கள். கப்பலிலும் நோய் பரவியது. பல நூறு பேர் கரை சேரவில்லை.

அந்தக் கூட்டத்தில் டேனியல் என்ற 12 வயதுச் சிறுவனும் இருந்தான். அம்மா, மாமா, உடன்பிறந்தவர்களோடு கிளம்பியவன் அவன். கனடாவில் மிஞ்சியது அவனும் தங்கை கேத்தரினும் மட்டும்தான். பிரெஞ்சு பேசும் ஒரு குடும்பம் இருவரையும் எடுத்து வளர்த்தது.

அவர்கள் நடந்த வழி இன்று 165 கி.மீ. நீளமுள்ள நினைவுப் பாதை. அதில் 30க்கும் மேற்பட்ட வெண்கலக் காலணிகளை வைத்திருக்கிறார்கள். இடிந்து போன ஒரு பழைய வீட்டின் கூரையில், ஒன்றோடொன்று கட்டிய நிலையில் ஒரு குழந்தையின் காலணிகள் கிடைத்தன. அவற்றைப் பார்த்துத்தான் இவற்றைச் செய்தார்கள்.

மூடிய கால்வாயை அப்படியே தூர்த்திருந்தால் டேனியல் நடந்த பாதையும் மறைந்து போயிருக்கும். இன்று விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் படகை நிறுத்திவிட்டு இறங்கி, அந்தச் சின்னக் காலணிகளுக்குப் பக்கத்தில் தங்கள் காலை வைத்துப் பார்க்கலாம்.