எரிபொருளைச் சிக்கனப்படுத்த எஞ்சினை நிறுத்தும் ஆளி

வயலை உழும் இரு சக்கர உழவு இயந்திரமும் தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் பம்பும் வேலை செய்யும் நேரத்தில் மாத்திரம் எரிபொருளைச் செலவிடுவனவல்ல. நாற்றுமுடி ஏற்றும்போதும், அரிசி ஆலை வாசலில் முறை வரும்வரை காத்திருக்கும்போதும், வரம்பில் நின்று அயற் கமக்காரருடன் உரையாடும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கின்றது. நிறுத்திவிட்டால் மீண்டும் கைப்பிடியைச் சுற்றி ஓடவைக்க வேண்டுமே என்ற சலிப்பு ஒரு காரணம். நிறுத்தும் நெம்பு அறுந்தோ துருப்பிடித்தோ கிடப்பதால் நிறுத்துவதே ஒரு வேலையாகிவிடுவது மற்றக் காரணம். இரண்டாவது காரணத்தை ஒரு பிற்பகலில், சொற்பச் செலவில் நீக்கிவிடலாம்.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்ந்தது. மண்ணெண்ணெய்ப் பம்பினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் பாய்ச்சுவோருக்கு அது பேரிடியாக அமைந்தது. எரிபொருளைப் பங்கிட்டு வழங்கிய கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் வீணாகும் எரிபொருளுக்கும் கமக்காரரே பணம் கொடுக்கின்றார்.

உங்கள் எஞ்சின் சும்மா நிற்கையில் எவ்வளவு எரிபொருளைச் செலவிடுகின்றது என்பதை நீங்களே அளந்தறியலாம். சமதரையில் இயந்திரத்தை நிறுத்தி, தாங்கியை ஒரு குறி வரை நிரப்புக. வேகத்தைக் குறைத்து வைத்து அரை மணி நேரம் ஓடவிடுக. பின்னர் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் அதே குறி வரை அளவுச் சாடியினால் ஊற்றுக. ஊற்றிய அளவே வீணான அளவு. உதாரணமாக, அது 200 மில்லிலீற்றர் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இவ்வாறு நிற்கும் இயந்திரம், 30 நாள் உழவுக் காலத்தில் 12 லீற்றரை வேலையின்றிக் குடித்துவிடும்.

நிறுத்தும் வழி எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ‘லான்ட்மாஸ்டர்’ என நம்மவர் பொதுவாக அழைக்கும் இரு சக்கர உழவு இயந்திரங்களுட் பெரும்பாலானவை டீசல் எஞ்சின் கொண்டவை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தினாலேயே டீசல் தீப்பற்றுகின்றது. ஆதலால் மின்னாளி எதனையும் பொருத்தி அதனை நிறுத்த இயலாது. டீசலைப் பீச்சும் பம்பின் நெம்பை நிறுத்தும் நிலைக்குத் தள்ளுவதே முறையான வழி. சிலர் தாங்கியின் குழாயை மூடி நிறுத்துகின்றனர். இதனால் குழாய்க்குள் காற்றுப் புகுந்து, அடுத்த முறை காற்றை வெளியேற்றும்வரை எஞ்சின் ஓடாது. வேறு சிலர் அமுக்கந் தளர்த்தும் நெம்பை உயர்த்தி நிறுத்துகின்றனர். அந்நெம்பு எஞ்சினை ஓடவைக்கும்போது கையின் பாரத்தைக் குறைப்பதற்கே உரியது. அதனால் நிறுத்தினால் எரியாத டீசல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், வால்வுகளும் கெடும்.

நிறுத்தும் நெம்புக்குச் செல்லும் கம்பி அறுந்திருப்பின் சைக்கிள் பிறேக் கம்பியும் அதன் உறையும் போதுமானவை. கம்பியின் ஒரு முனையை நெம்பில் இறுக்கி, மறுமுனையை இயந்திரத்தின் கைப்பிடியருகே ஒரு சைக்கிள் பிறேக் பிடியுடன் இணைக்கவும். உறையின் இரு முனைகளும் அசையாதவாறு கிளிப்பினால் இறுக்கப்பட வேண்டும். உறை நகருமாயின் கம்பி இழுபடாது. கம்பி, பெல்டிலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் விலகிச் செல்லட்டும். பிடியை இழுக்காதபோது கம்பியிற் சற்றுத் தளர்ச்சி இருத்தல் அவசியம். இறுக்கமாகக் கட்டினால், வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர் தடைப்பட்டு, பாரம் ஏறும்போது எஞ்சின் திணறும். கம்பி நிறுத்தும் பக்கத்துக்கு மாத்திரம் இழுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டும் பக்கத்துக்கு அதனையோ வேறு வில்லையோ ஒருபோதும் கட்டலாகாது.

இப்பிடியினால் மீதமாவது டீசல் மாத்திரமன்று. சுழல் கலப்பையின் அலகுகளில் வைக்கோலும் கோரையும் சுற்றிக்கொள்ளும்போது, கியரை மாத்திரம் விடுவித்துவிட்டு, எஞ்சின் ஓட ஓடக் கையினால் அவற்றைப் பிடுங்கும் வழக்கம் பரவலாக உண்டு. சேற்றிற் கால் வழுக்கி உடல் கியர்த் தடியில் மோதினால் அலகு உடனே சுழலும். பெல்டுக்கு மூடியில்லாத எஞ்சினுக்கு மேலாகச் சாய்ந்து நெம்பைத் தேடுவோரின் சாரம் அதிற் சிக்குவதும் உண்டு. டீசலுக்காக இல்லாவிடினும் விரல்களுக்காகவேனும், நின்ற இடத்திலிருந்தே எஞ்சினை நிறுத்தக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களில் மின்னாளி பயன்படும். இவற்றின் சுழற்சில்லிலுள்ள காந்தம் ஒரு சுருளில் மின்னைத் தோற்றுவிக்க, அது பிளக்கிற் பொறியாகின்றது. சுருளிலிருந்து வரும் மெல்லிய நிறுத்து வயரை எஞ்சினின் இரும்பு உடலுடன் தொடுத்துவிட்டால் பொறி நின்றுவிடும். வீட்டு விளக்கின் ஆளி தொடுக்கும்போது விளக்கு எரியும். இங்கோ தொடுக்கும்போது எஞ்சின் நிற்கும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, நிறுத்து வயரை ஆளியின் ஒரு முனையிலும், எஞ்சின் உடலில் வர்ணம் சுரண்டிய இடத்தில் இறுக்கிய வயரை மறுமுனையிலும் இணைக்கவும். பிளக்குக்குச் செல்லும் தடித்த வயரை வெட்டவோ அதில் ஆளி பொருத்தவோ கூடாது. அதிற் பல்லாயிரம் வோல்ற்று மின் பாய்கின்றது. பிளக்கின் மூடியைக் கையாற் பிடுங்கி நிறுத்துவதும் தகாது. உடலில் மின் தாக்குவதுடன், பெற்றோல் கசிந்திருந்தால் அப்பொறியே தீயை மூட்டிவிடும். ஆளிக்குள் நீர் புகுந்தால் எஞ்சின் தானாக நிற்கும். ஆதலால் அதன்மீது சைக்கிள் டியூப் துண்டொன்றைப் போர்த்திக் கட்டுதல் நன்று.

மண்ணெண்ணெய்ப் பம்புடையோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வெஞ்சின் பெற்றோலில் ஆரம்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறுவது. மண்ணெண்ணெயில் ஓடுகையில் ஆளியைத் தட்டிவிட்டால் காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெயே தங்கிவிடும். பாத்தியொன்றின் வாய்க்காலை மாற்றிவிட்டு உடனே திரும்புவதாயின் பாதகமில்லை. சூடான எஞ்சின் மீண்டும் ஓடும். நெடுநேரம் நிறுத்துவதாயின், சில நிமிடங்களுக்கு முன்னரே மண்ணெண்ணெய்க் குழாயை மூடிப் பெற்றோற் குழாயைத் திறந்து, பின்னர் ஆளியை உபயோகிக்கவும். நிறுத்திய பின் இரு குழாய்களையும் மூட மறக்கலாகாது. மண்ணெண்ணெய் உருளை வழியாக வடிந்து எஞ்சின் எண்ணெயுடன் கலந்தால் எண்ணெய் நீர்த்துவிடும். அளவுக்கோலில் எண்ணெய் குறையாது கூடிக் காணப்படின் இதுவே காரணமெனக் கொள்ளலாம்.

இனி, ஆளி கைக்கெட்டிய பின் சிலருக்குத் தோன்றும் ஓர் எண்ணத்தைப் பற்றிக் கூற வேண்டும். பாரமேற்றிய பெட்டியுடன் இறக்கத்தில் வருகையில் எஞ்சினை நிறுத்திவிட்டால், வண்டி தானே உருண்டு வரும், டீசல் மீதமாகும் என்பது அவ்வெண்ணம். இது முற்றிலும் தவறானது. கியரிலிருந்தவாறே இறங்கும்போது சில்லுகளே எஞ்சினைச் சுற்றுகின்றன; வேகம் மிகுந்தவுடன் கவர்னர் டீசலைத் தானாகவே ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றது. நிறுத்துவதற்கு அங்கே எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். அதற்காகக் கியரை விடுவித்தால், பாரத்தைப் பிடித்து வைத்திருந்த எஞ்சினின் தடை இல்லாமற்போகும். பின்னர் பெட்டியின் பிறேக் ஒன்றே துணை. அது சேற்றில் நனைந்திருக்கும் நாட்களும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சமதரையில் இவ்வாபத்துத் தெரியாது. வெலிமடை, நுவரெலியாப் பக்கங்களில் மரக்கறி ஏற்றி இறங்குவோர் இறங்கும் முன்னரே, அதாவது இறக்கத்தின் உச்சியிலேயே, தாழ்ந்த கியருக்கு மாறி, அடிவாரம் வரை அதனை மாற்றாதிருக்க வேண்டும். இறக்கத்தில் இடப்பக்கத் திருப்பும் கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும் என்பதையும் புதிதாக ஓட்டுவோருக்குச் சொல்லிக் கொடுக்கவும்.

லொறி, கார் என்பவற்றுக்கும் இதே விதிதான். ஓடும்போது எஞ்சினை நிறுத்தினால், பிறேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட அமைப்பு ஓரிரு மிதிப்புடன் தீர்ந்து, மிதி கல்லைப் போலாகிவிடும். வலுவூட்டிய சுக்கான் பாரமாகும். சாவியை முழுவதும் திருப்பினால் சுக்கான் பூட்டிக்கொள்ளவுங் கூடும். எரிபொருளைப் பீச்சும் அமைப்புடைய இக்காலப் பெற்றோல் வாகனங்கள், கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே துண்டித்துக்கொள்கின்றன.

ஆகவே ஆளியை வண்டி நின்ற பின்னரே உபயோகிக்கவும். மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருப்பின் நிறுத்துவது இலாபம்; அதற்குக் குறைந்த நேரத்துக்குக் கையினாற் சுற்றி ஓடவைக்கும் எஞ்சினை நிறுத்தி நிறுத்தி எடுப்பதால் உடல்தான் களைக்கும். கடும் உழவு முடிந்தவுடன் மாத்திரம் இதற்கு விலக்களித்து, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டுச் சூடு தணிந்த பின் நிறுத்துக. புதிதாகப் பொருத்திய கம்பியையோ ஆளியையோ பெட்டி பூட்டாமற் சமதரையிற் பத்துத் தடவையாவது இயக்கிப் பார்த்த பின்னரே வயலுக்குக் கொண்டு செல்லவும். பிறேக் கம்பியின் இழைகளில் ஒன்று அறுந்து காணப்பட்டாலும் அன்றே மாற்றிவிடவும்.