நாஞ்சில் நாட்டில் அயல்நாட்டு ஆய்வு மாணவர்: வில்லுப்பாட்டுக் களம் கற்பித்தவை

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டுக் கல்வி என்னும்போது தமிழ் மாணவர் மேலைநாட்டுக்குச் சென்று பயில்வதே பெரும்பாலும் நினைவுக்கு வருகிறது. மேலைநாட்டு ஆய்வு மாணவர் தமிழ்ச் சிற்றூருக்கு வந்து பயின்ற வரலாறும் உண்டு. அமெரிக்க நாட்டுப்புறவியலாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரி மாவட்ட வில்லுப்பாட்டைப் பயின்றதை முதன்மைச் சான்றாகவும், ஆஸ்திரேலிய மானிடவியலாளர் கல்பனா ராம் இம்மாவட்டக் கடற்கரையில் செய்த ஆய்வைத் துணைச் சான்றாகவும் கொண்டு, வட்டாரப் பண்பாடு ஓர் ஆய்வு மாணவருக்கு எதைக் கற்பிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, வில்லுப்பாட்டு, கொடை விழா, ஏடு, களஆய்வு.

முன்னுரை

பழைய திருவிதாங்கூர் அரசின் தென்கோடியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தன. இவற்றுள் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நாஞ்சில் நாடு என வழங்கும் பகுதியாகும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு, மருமக்கள் வழிச் சொத்துரிமையின் நினைவு, ஊர்தோறும் அமைந்த முத்தாரம்மன், இசக்கி, சுடலைமாடன் கோயில்கள் ஆகியவை இந்நிலப்பகுதியின் தனித்தன்மைகள். அத்தெய்வங்களுக்கு எடுக்கப்பெறும் கொடை விழாவின் உயிர்ப்பகுதி வில்லுப்பாட்டு.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த பிளாக்பர்ன், 1970களின் பிற்பகுதியில் இக்கலையைக் களத்தில் ஆராய்ந்தார். அவருடைய ஆய்வேடு 1980இல் நிறைவுற்றது. அதன் தொடர்ச்சியாக, பிறப்பையும் இறப்பையும் பாடுதல் எனப் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1988இல் வெளிவந்தது. இவ்வாய்வில் வெளிப்படும் கற்றலின் போக்கை மூன்று நிலைகளில் காணலாம்.

வாய்மொழி பற்றிய முன்முடிவும் ஏடும்

அக்காலத்தில் நாட்டுப்புறவியல் பயிலும் மேலைநாட்டு மாணவர் எவரும் ஆல்பர்ட் லார்டு 1960இல் வெளியிட்ட நூலை அறியாமல் இருத்தல் அரிது. லார்டும் தம் இளமையில் அயல்நாட்டுக் களத்தில் பயின்றவரே. 1930களில் தம் ஆசிரியர் மில்மன் பாரியுடன் யூகோஸ்லாவியாவுக்குச் சென்று, அங்கிருந்த காவியப் பாடகர்களின் பாடல்களைப் பதிவு செய்யும் பணியில் ஈடுபட்டார். அப்பாடகர்கள் பாடலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை. வழிவழி வந்த சொற்றொடர் வாய்பாடுகளைக் கொண்டு பாடும் நேரத்திலேயே கட்டிக்கொள்கின்றனர் என்பது பாரி, லார்டு இருவரின் கோட்பாடு. எழுத்தும் நிலைத்த பாடமும் வந்தால் இத்தகைய வாய்மொழி மரபு தளர்ந்துவிடும் என்ற கருத்தும் அதனுடன் இணைந்து பரவியது.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு இக்கோட்பாட்டுக்கு அடங்கவில்லை. இங்கே புலவர், அண்ணாவி என மதிக்கப்பெறும் தலைமைப் பாடகர்களிடம் பனையோலை ஏடுகளும் அவற்றைப் பார்த்து எழுதிய கையெழுத்துப் படிகளும் இருந்தன. கதைப்பாடலின் வரிகள் பெரிதும் நிலைபெற்றவை. பாடகர் அவற்றைப் பயின்று பாடுகிறாரே அன்றிப் பாடும்போதே புதிதாகக் கட்டுவதில்லை. தெய்வத்தின் முன் அத்தெய்வத்தின் கதையைப் பாடுவதால் கதை பிறழாதிருத்தல் வழிபாட்டின் ஒரு பகுதியாகிறது. எழுத்து இருந்தும் நிகழ்த்துதல் தளரவில்லை. எழுத்தே அதற்குத் துணையாக நின்றது. பாடத்தையும் நிகழ்த்துதலையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒன்றில் மற்றொன்று இயங்கும் விதத்தை பிளாக்பர்ன் ஆராய்ந்தமைக்கு இக்களமே காரணம். அவருடைய நூலின் துணைத்தலைப்பும் நிகழ்த்துதலில் பாடங்கள் என்றே அமைந்துள்ளது.

மேடையும் கோயிலும்

வில்லுப்பாட்டுக்குப் பொதுமக்களிடையே மற்றொரு முகமும் உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதை நாடறிந்த மேடைக் கலையாக்கினார். நகைச்சுவையும் சமூகக் கருத்தும் கலந்த அவ்வடிவத்தை மட்டும் கேட்டவர் வில்லுப்பாட்டைப் பொழுதுபோக்குக் கலை என்றே கருதுவர். கொடை விழாவில் முழு இரவும் அமர்ந்திருப்பவருக்கே அதன் வேறு இயல்பு புலப்படும்.

கும்பப்பூ அறுவடை முடிந்து வரும் கோடைத் திங்கள்களில் கொடைகள் மிகுதியாக நிகழும். கோயிலின் முன் பந்தலில் மணிகள் கட்டிய பெரிய வில்லை மண்குடத்தோடு சேர்த்து நிறுத்துவர். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணை அடித்துப் பாட, உடுக்கு, தாளம், கட்டை, குடம் ஆகியவை துணைசெய்யும். வலப்புறத்தார் பாடுவதை இடப்புறத்தார் ஏற்றுப் பாடுவர். காப்பு, குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம் என்று தொடங்கிக் கதைக்குள் புகுந்து, வாழி பாடி முடிப்பது மரபு.

தொடக்கப் பகுதியில் பாடகர் கேட்போரை நோக்கிப் பேசுவார், இடையிடையே விளக்குவார், சிரிக்கவும் வைப்பார். கதை நடுப்பகுதியை அணுக அணுக உரைநடை குறைகிறது. பாட்டின் வேகம் கூடுகிறது. தெய்வம் பிறக்கும் இடத்தையோ வீரன் கொலையுண்டு விழும் இடத்தையோ கதை எட்டும்போது மேளம் முழங்க, சாமியாடிக்கு அருள் வருகிறது. அந்நேரத்தில் வில்லுப்பாட்டு மக்களுக்குச் சொல்லப்படும் கதையாக இருப்பதில்லை. தெய்வத்தை அழைக்கும் செயலாகிறது. ஒரே இரவில், ஒரே குழுவின் பாட்டில், சடங்கின் அழுத்தம் இவ்வாறு ஏறி இறங்குவதை பிளாக்பர்ன் சடங்கு ஆழம் என்னும் கருத்தால் விளக்கினார். 1981இல் அமெரிக்க நாட்டுப்புறவியல் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை கதையும் சடங்கும் இணையும் இப்புள்ளியையே ஆராய்கிறது.

ஒலிப்பதிவை மட்டும் ஊருக்கு எடுத்துச் சென்று ஆராயும் மாணவருக்கு இது புலப்படாது. பதிவில் பாட்டின் வேகம் கேட்கும். யாரை நோக்கிப் பாட்டு திரும்பியது என்பது தெரியாது.

கதையறிவும் ஊரறிவும்

வில்லுப்பாட்டுக் கதைகளில் ஒருவகை தெய்வப் பிறப்பைக் கூறுவது. கயிலையில் பார்வதியின் வேண்டுதலால் விளக்குச் சுடரில் பிறந்து, பின்னர் மண்ணுலகு வந்த சுடலைமாடனின் கதை இவ்வகையினது. மற்றொரு வகை, மனிதராக வாழ்ந்து கொலையுண்டோர் தெய்வமாவதைக் கூறுவது. சக்கிலியர் குலப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரை மணந்து, மாடு கவர வந்தோருடன் போரிட்டு மாண்ட அந்தணன் முத்துப்பட்டனின் கதை இதற்குச் சான்று. நூல் தலைப்பிலுள்ள பிறப்பு, இறப்பு என்னும் சொற்கள் இவ்விருவகையையும் குறிக்கின்றன. அகால மரணம் எவ்வாறு தெய்வநிலைக்கு வாயிலாகிறது என்பதை பிளாக்பர்ன் 1985இல் தனிக் கட்டுரையாகவும் எழுதினார்.

கதையைப் பிரித்து வகைப்படுத்துவது எளிது. ஒரு குறிப்பிட்ட கதை ஓர் ஊரில் ஏன் பாடப்படுகிறது என்பதை அறிய அவ்வூரின் வரலாறு தேவை. தம்பிமார் கதையை எடுத்துக்கொள்ளலாம். 1729இல் வேணாட்டு அரசர் இராமவர்மா இறந்தபின், மருமக்கள் வழியே அரசுரிமை மார்த்தாண்டவர்மாவைச் சேர்ந்தது. இறந்த அரசரின் மக்களான தம்பிமார் அவரை எதிர்த்துக் கொலையுண்டனர். திருவிதாங்கூர் அரச வரலாற்றில் அவர்கள் கலகக்காரர்கள். வில்லுப்பாட்டில் அவர்களே வலிய தம்பி, குஞ்சுத் தம்பி எனப் பெயர் பெற்று வழிபாட்டுக்கு உரியவராகின்றனர்.

தந்தையின் உரிமை மகனுக்குச் சேர்வதே இயல்பு என எண்ணும் சமூகத்திலிருந்து வரும் மாணவருக்கு இக்கதையின் சிக்கல் முதலில் விளங்காது. மருமக்கள் வழியால் சொத்தும் உறவும் எவ்வாறு பிணங்கின என்பதை, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியத்தில் அங்கதமாக்கியுள்ளார். அம்முறை மறைந்த பின்னும் அதன் நினைவு குடும்பப் பேச்சில் தங்கியிருந்த நாட்டில்தான் தம்பிமாரின் மரணம் பாடப்பட்டது. மொழியறிவால் சொல்லின் பொருள் கிடைக்கும். உறவுமுறை அறிந்தபின்தான் கேட்போர் கண்ணீரின் காரணம் கிடைக்கும்.

கடற்கரையிலிருந்து காணும் இசக்கி

எங்கிருந்து பயில்கிறோம் என்பதைப் பொறுத்துப் பண்பாடு வேறுபட்டுத் தோன்றும் என்பதைக் கல்பனா ராமின் ஆய்வு காட்டுகிறது. அவர் 1980களில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராகக் குமரிக் கடற்கரையின் முக்குவர் சமூகத்தில் களஆய்வு செய்தார். முக்குவர் பெண்கள் பற்றிய அவருடைய நூல் 1991இல் வெளிவந்தது.

வயல்சூழ்ந்த நாஞ்சில் நாட்டு ஊர்களில் இசக்கி கோயில் கொண்ட தெய்வம். 16ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கத்தைத் தழுவிய கடற்கரை ஊர்களில் அதே இசக்கி, பெண்களைப் பற்றிக்கொள்ளும் ஆவியாக அஞ்சப்படுகிறாள். ஆண்கள் கடலுக்குச் செல்ல, குடும்பத்தின் பணமும் கடனும் பெண்கள் பொறுப்பில் அமைகின்றன. எனினும் அவர்களின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. இந்நிலையில் ஆவி பற்றுதலை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்காமல், பெண்ணுடலும் சமூக நெருக்கடியும் சந்திக்கும் இடமாக ராம் ஆராய்ந்தார். 2013இல் வெளிவந்த அவருடைய மற்றொரு நூல் இச்சிந்தனையை மேலும் விரித்தது. வில்லுக்கு எதிரே அமர்ந்தவர் பாட்டின் வழியாக அறிந்த அருள் நிலையை, பெண்களிடையே அமர்ந்தவர் அவர்களின் வாழ்க்கை வழியாக அறிந்தார். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. இரண்டும் சேர்ந்தே நாஞ்சில் நாட்டை நிறைவாகக் காட்டுகின்றன.

கற்றவை யாரிடம் சேர்ந்தன

இவ்வாய்வுகளின் வழியாக நாஞ்சில் நாடு உலக நாட்டுப்புறவியலிலும் மானிடவியலிலும் இடம்பெற்றது. பிளாக்பர்ன் பின்னர் ஏ.கே. இராமானுஜனுடன் இணைந்து 1986இல் இந்திய நாட்டுப்புறவியல் கட்டுரைத் தொகுதியைப் பதிப்பித்தார். 2001இல் தமிழ் நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பையும் வெளியிட்டார். ஆயினும் இவை ஆங்கில நூல்கள். ஏட்டைப் பாதுகாத்த புலவருக்கும் இரவெல்லாம் குடம் அடித்த கலைஞருக்கும் அவை எட்டும் மொழியில் இல்லை. கலைஞர் ஆசிரியராக இருந்து கற்பித்த அறிவு, பல்கலைக்கழகத்தில் பட்டமாகவும் நூலாகவும் மாறியபின் அவர் கைக்குத் திரும்புவது எவ்வாறு என்ற வினா ஒவ்வொரு களஆய்வுக்கும் உரியது.

தமிழ்ச் சூழலில் இவ்வினாவுக்கு ஒருபகுதி விடை உள்ளது. நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் முத்துப்பட்டன் கதை உள்ளிட்ட கதைப்பாடல்களைத் தமிழிலேயே பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டு அறிஞர் அ.கா. பெருமாள் இவ்வட்டாரத்தின் கதைப்பாடல்களையும் கலைகளையும் தெய்வங்களையும் பல்லாண்டுகளாகத் தொகுத்து எழுதி வருகிறார். அயல்நாட்டு மாணவரின் கோட்பாட்டுப் பார்வையும் இவர்களுடைய வட்டாரப் பதிவும் ஒன்றையொன்று அறிந்து இயங்கினால்தான் ஆய்வு முழுமை பெறும்.

முடிவுரை

நாஞ்சில் நாட்டுக்கு வந்த ஆய்வு மாணவருக்கு ஏடு, வாய்மொழி பற்றிய அவருடைய கோட்பாட்டைத் திருத்தியது. கொடை விழா, பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது என்பதைக் காட்டியது. மருமக்கள் வழி, கதையின் உட்பகையை விளக்கியது. கடற்கரையோ அதே தெய்வத்தின் மறுபக்கத்தைத் திறந்தது. எனவே அயல்நாட்டில் பண்பாடு பயிலுதல் என்பது புதியவற்றைக் கண்டு வியப்பதோடு முடிவதில்லை. கொண்டுவந்த முன்முடிவு எங்கே பொருந்தவில்லை என்று கண்டு, அதை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அங்கே தங்குவதே அதன் அடிப்படை. தமிழகத்திலிருந்து வெளிநாடு செல்லும் மாணவருக்கும் இது பொருந்தும். கற்பித்த ஊருக்கு அவ்வூரின் மொழியில் கற்றதைத் திருப்பித் தருவது அக்கற்றலின் எஞ்சிய பகுதியாகும்.