அருகில் இருப்பது எது? கணிப்பொறித் தேடலின் வேகமும் நம்பகமும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்த ஆறு, பெயருக்கேற்ப, நீரோட்டத்தில் தேய்ந்து உருண்ட கற்கள் நிறைந்தது. அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, 'இதனை மிகவும் ஒத்த கல் இவ்வாற்றில் எது?' என்று நாம் வினவுவதாகக் கொள்வோம். விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வினாவே இன்று கணிப்பொறி அறிஞர்கள் ஊன்றி ஆராயும் வினாக்களுள் ஒன்று.

கல்லின் எடை, நீளம், அகலம், நிறம் ஆகியவற்றை அளந்து குறித்தால், ஒவ்வொரு கல்லும் ஓர் எண்வரிசை ஆகிவிடும். அவ்வாறே ஒரு வாக்கியத்தைக் கணிப்பொறி சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றுகிறது. இதற்கு வெக்டர் என்று பெயர். பொருளால் நெருங்கியவை எண்ணாலும் நெருங்கி நிற்கும்படி இம்மாற்றம் அமைக்கப்படுகிறது. ஆகவே 'ரேஷன் கார்டு' என்று கேட்பவருக்குக் 'குடும்ப அட்டை' என்று எழுதப்பட்ட விதியும் அகப்படக்கூடும்.

கல்லாற்று வனப்பகுதியைச் சேர்ந்த மூலிகை வைத்தியர் இலட்சுமிக்குட்டி அம்மாள் 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர். சுமார் ஐந்நூறு மருந்துகளை நினைவிலிருந்தே கூற வல்லவர் என்று போற்றப்பட்டவர். ஐந்நூறு பொருள்கள்தாம் என்றால், கணிப்பொறி ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தவறாத விடையை நொடிப்பொழுதில் தந்துவிடும். நூறு கோடி என்றால் அது இயலாது. அங்கேதான் 'ஏறத்தாழச் சரியான' தேடல் தேவைப்படுகிறது.

அதற்குப் பல வழிகள் உள. 2013-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்திலிருந்து வெளிவந்த அன்னாய் என்னும் கருவி, குவியலை மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரித்துக் கிளைக்கும் மரங்களை அமைக்கிறது. 2017-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர் வெளியிட்ட ஃபைஸ் என்பதில் அடங்கிய முறைகளுள் ஒன்று, ஒத்த கற்களைச் சிறு சிறு குவியல்களாகப் பிரித்து வைத்து, அருகிலுள்ள சில குவியல்களை மட்டும் துழாவுகிறது. 2016-இல் மால்கோவ், யஷுனின் என்னும் இருவர் விளக்கிய முறையோ, ஒவ்வொரு கல்லையும் அதன் அண்டைக் கற்களோடு நூலிட்டுக் கட்டி, நூலைப் பற்றிக்கொண்டே இலக்கை நெருங்குகிறது.

இவற்றுள் சிறந்தது எது? நூல்முறை விரைவும் துல்லியமும் மிக்கது. ஆனால் நினைவகத்தை மிகுதியாக விழுங்கும். குவியல்முறை சிக்கனமானது, துழாவும் குவியல்களைக் குறைத்தால் வேகம் கூடும், துல்லியம் குறையும். அன்னாயில் மரத்தை ஒருமுறை கட்டி முடித்தபின் புதிய பொருளைச் சேர்க்க இயலாது. எனவே வேகத்தை மட்டும் கூறுவது அரைக் கணக்கே ஆகும். விநாடிக்கு எத்தனை வினாக்கள் என்பதையும், நூற்றுக்கு எத்தனை விடைகள் சரி என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும். அன்னாயை உருவாக்கிய எரிக் பெர்ன்ஹார்ட்சன் உள்ளிட்டோர் அமைத்த ஏ.என்.என். பெஞ்ச்மார்க்ஸ் என்னும் பொதுச் சோதனை, இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டுவதால் பயனுள்ளதாயிற்று.

நம் நாட்டிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நிகழ்ந்துள்ளது. ஓர் எண்ணுக்கு நான்கு பைட்டு என்று கொண்டால், 128 எண்கள் உடைய நூறு கோடி வரிசைகளுக்கு 512 ஜிகாபைட்டு இடம் வேண்டும். பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்தோர் 2019-இல் வெளியிட்ட டிஸ்க்-ஏ.என்.என். முறையில், 64 ஜிகாபைட்டு நினைவகமும் எஸ்.எஸ்.டி. என்னும் விலைகுறைந்த சேமிப்புச் சாதனமும் உடைய ஒரே கணிப்பொறி, நூறு கோடி வரிசைகளில் தேடிற்று. விநாடிக்கு 5,000-க்கு மேற்பட்ட வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைந்த நேரம். நூற்றுக்கு 95-க்கு மேல் சரியான விடை. பெரும் சாதனையே. எனினும் எஞ்சிய ஐந்து யாருடைய வினாக்கள் என்று கேட்பதும் நம் கடமை.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இக்கேள்வி அந்நியமன்று. 2019-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாடு 2022-இல் எல்லா மாநிலங்களையும் எட்டியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டையைக் கொண்டு எம்மாநிலத்திலும் தானியம் பெறலாம். பெங்களூரில் கட்டடப் பணி செய்யும் ஒருவர் இதைப் பற்றித் தமிழில் ஓர் இயந்திரத்திடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அது நெருங்கிய பத்து ஆவணங்களை எடுக்கிறது. தமிழில் கேட்டமையால் பத்தும் தமிழ்நாட்டு விதிகள். பின்னர் 'கர்நாடகம்' என்று வடிகட்டுகிறது, ஒன்றும் மிஞ்சவில்லை. உரிமை இருந்தும் 'விவரம் இல்லை' என்ற மறுமொழியே கிடைக்கிறது.

வெறும் தேடற்கருவிக்கும் வெக்டர் தரவுத்தளத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். முன்னது இயந்திரம், பின்னது வண்டி. மில்வஸ், குவாட்ரன்ட், போஸ்ட்கிரெஸ்ஸுடன் இணையும் பிஜிவெக்டர் போன்றவை ஆவணங்களைச் சேர்த்தல், நீக்குதல், வடிகட்டுதல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டியவை. தேடிய பின் வடிகட்டுவதா, தேடும்போதே வடிகட்டுவதா என்பதைப் பொறுத்து மேற்கண்டவரின் விடை மாறும்.

இன்னொன்றும் உண்டு. இச்சோதனைகள் எண்களுக்குள் அண்மை எது என்று மட்டுமே அளக்கின்றன. பொருள் சரியா என்று அளப்பதில்லை. அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்து வரும் நாம், ஒரே சொல்லுக்குத் தமிழில் இரண்டு மூன்று வழக்குகள் நிலவுவதை நாள்தோறும் காண்கிறோம். தமிழ் வாக்கியத்தைப் பிழையாக எண்ணாக்கிவிட்டால், நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெற்ற கருவியும் தவறான கல்லையே எடுத்துத் தரும்.

ஆகவே இத்தகைய கருவியைத் தேர்ந்தெடுப்போர், மக்கள் உண்மையில் கேட்கும் தமிழ் வினாக்கள் ஓர் ஐந்நூற்றைத் திரட்டி, சரியான விடைகளை முன்னரே குறித்து வைத்து, அவற்றைக் கொண்டு சோதித்தல் வேண்டும். ஆவணங்கள் சில ஆயிரமே எனில் முழுத் தேடலே போதுமானது. நேயர்களும் ஒன்றை நினைவிற்கொள்வது நலம்: இயந்திரம் 'இல்லை' என்று கூறினால், அது தேடிய இடத்தில் இல்லை என்பதே பொருள். வினாவை வேறு சொற்களில், மாநிலத்தின் பெயரையும் சேர்த்து, மறுமுறை கேளுங்கள். அப்போதும் கிட்டாவிடில் அலுவலகத்தையே நேரில் அணுகுங்கள்.