மைனஸ் 196-இல் ஒரு நாள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்ட வேண்டுமானால், முதலில் அதன் மேல் படிந்திருக்கும் கடலூர் மணற்கல்லைத் தோண்டி எறிய வேண்டும். திருவக்கரையில் மரங்களைக் கல்லாக்கி வைத்திருப்பதும் இதே பாறைதான். பக்கெட் வீல் இயந்திரத்தின் எஃகுப் பற்கள் இதில் உரசி உரசி மழுங்குகின்றன. கடலூர் முதுநகர் விசைப்படகின் டீசல் எஞ்சினிலும், சிதம்பரம் பஸ்ஸின் கியரிலும் இதே தேய்மானம் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

இந்தத் தேய்மானத்தைத் தாங்க, எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கித் துவைச்சல் கொடுப்பது கொல்லர்கள் காலங்காலமாக அறிந்த வித்தை. சூட்டில் எஃகின் அணுக்கள் ஆஸ்டெனைட் என்ற அடுக்கில் இருக்கும். சட்டென்று குளிர்ந்தால் மார்ட்டன்சைட் என்ற கடினமான அடுக்குக்கு மாறும். கார்பன் மிகுந்த எஃகில் இந்த மாற்றம் அறை வெப்பநிலையில் முடிந்துவிடுவதில்லை. சுழியத்துக்கும் கீழே போனால்தான் முடியும். பாதியில் நிறுத்தினால், சோற்றில் வேகாத பருக்கைபோல மாறாமல், மெத்தென்ற ஆஸ்டெனைட் அங்கங்கே தங்கிவிடும். கத்திரி வெயிலில் தகிக்கும் கடலூர்ப் பட்டறை இருக்கட்டும், ஊட்டியின் மார்கழிப் பனிகூட இதற்குப் போதாது.

விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறது திரவ நைட்ரஜன். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மோகன் லால் குழுவினர், கிரவுன் வீல், பினியன் செய்யப் பயன்படும் இ.என்.353 எஃகை இப்படிக் குளிர்வித்து, 2005-இல் 'கிரையோஜெனிக்ஸ்' ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்குச் சற்றே கூடுதலாக இறக்கி, மைனஸ் 196 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தார்கள். அவசரமாகக் குளிர்வித்தால் உலோகம் விரிசல் விடலாம். மைனஸ் 80 வரை குளிர்வித்த துண்டின் தேய்மானத் தாங்குதிறன் 85 சதவீதமும், மைனஸ் 196 கண்ட துண்டினுடையது 372 சதவீதமும் கூடியிருந்தன.

இதைப் படித்துவிட்டு, கியர் பாக்ஸ் நாலரை மடங்குக்கும் மேலான காலம் உழைக்கும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. சிறு எஃகுத் துண்டைச் சுழலும் தட்டின்மேல் அழுத்தித் தேய்த்து எடுத்த அளவு அது. வண்டியில் சேறு உண்டு, அதிர்ச்சி உண்டு, மாற்றாமல் விட்ட கறுத்த ஆயிலும் உண்டு.

ஒரு நாள் முழுக்கக் குளிரில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறார்கள்: பிறகு சூடேற்றும்போது மிக நுண்ணிய கார்பைடு துகள்கள் எஃகெங்கும் பரவுவதற்கு அந்தக் குளிர் வழிசெய்கிறதாம். இதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை. ஆனால் பிறகு சூடேற்றும் டெம்பரிங் கட்டாயம். புதிதாகப் பிறந்த மார்ட்டன்சைட் நொறுங்கும் சுபாவம் கொண்டது. அப்படியே மாட்டினால் முதல் அடியிலேயே உடையலாம்.

கார்பன் குறைந்த சாதா இரும்பில் மாறுவதற்கு ஆஸ்டெனைட் மிச்சம் இல்லை. அதை நைட்ரஜனில் ஊறவைப்பது காசுக்குக் கேடு. எந்த எஞ்சின் பாகத்தையும் கொடுங்கள், பலமாக்கித் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், அது என்ன எஃகு, எத்தனை டிகிரியில் டெம்பரிங் என்று கேட்டுவிடுவது நல்லது. படகுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: உரசலால் வரும் தேய்மானத்தோடு இந்த முறையின் வேலை முடிந்தது. உப்புத் துருவுக்குப் பெயிண்டையும், படகின் அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டியையும்தான் நம்ப வேண்டும்.