பற்றரிகளை இணைக்கும் செப்புப் பட்டை

மன்னார்ப் பகுதிக் கமக்காரருக்கு மின்சாரம் இன்று மண்வெட்டியைப் போன்றதொரு தொழிற்கருவியாகிவிட்டது. கிணற்று நீரை இறைப்பதற்கும், இரவிலே வீட்டுக்கும் கொட்டிலுக்கும் வெளிச்சம் தருவதற்கும் அதுவே வேண்டும். ஆயின் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின் வெட்டப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் நேர்ந்த கோளாற்றால் இலங்கை முழுவதும் இருண்டதையும் எவரும் மறந்திலர். மன்னார்த் தீவிலே 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்று ஆற்றல் உடையன; எனினும் அவை நாட்டின் பொது மின்வலையையே ஊட்டுவதால், வலை வீழ்ந்தால் அவற்றின் நிழலில் உள்ள வீட்டுக்கும் வெளிச்சமில்லை. ஆகவே கமக்காரர் பலர் சூரியத் தகடு, பற்றரி, இன்வேட்டர் ஆகியவற்றைச் சொந்தமாக அமைக்கத் தலைப்பட்டனர்.

இவற்றை வாங்குமுன் ஒன்றைச் சிந்தித்தல் நன்று. தோட்டத்துக்குப் பகலில் நீர் இறைப்பதே நோக்கமாயின் பற்றரி வேண்டியதில்லை. தகட்டிலிருந்து நேரே இயங்கும் பம்பியும் உயரத்திற் கட்டிய தொட்டியும் போதும். தொட்டியில் நிற்கும் நீரே சேமித்த மின்சாரமாகும். பற்றரி விற்பவர் இதனைச் சொல்லார்.

இரவுத் தேவைக்காகப் பற்றரி வைப்போர், ஒன்று போதாதபோது இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்து, நேர்முனையோடு நேர்முனையும் எதிர்முனையோடு எதிர்முனையும் சேர்ப்பர். இன்வேட்டரும் இரண்டாகலாம். அபாயம் தொடங்குமிடம் இதுவே. ஒரு பற்றரியின் தலையிலிருந்து அடுத்ததன் தலைக்கு வயரைத் தொடுத்துக்கொண்டே போய், முதற் பற்றரியிலிருந்து இன்வேட்டருக்குக் கொடுப்பது பலர் கையாளும் முறை. இதன் குற்றத்தைக் கட்டுக்கரைக்குளத்து நீரைப் பாய்ச்சுவோருக்கு விளக்கவேண்டியதில்லை. வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயல் நிறைந்து வழிகையிற் கடைக்கோடி வயல் வெடித்துக் கிடப்பதை அவர்கள் அறிவர். நான்கு பற்றரிகளை இவ்வாறு தொடுத்தால், இன்வேட்டருக்கு அண்மையிலுள்ளது கடைசியிலுள்ளதைப்போல் இருமடங்கு மின்னோட்டத்தைத் தாங்க நேரிடும். அது முதலிற் சூடேறும், முதலிற் கெடும். பின்னர் அதன் சுமை அடுத்ததன்மேல் விழும்.

பஸ்பார் எனப்படும் செப்புப் பட்டை இதற்கு மாற்றாகும். நேர்முனைக்கு ஒன்றும் எதிர்முனைக்கு ஒன்றுமாக இரு பட்டைகளை நிறுத்தி, ஒவ்வொரு பற்றரியையும் ஒரே நீளமும் ஒரே தடிப்பும் உள்ள வயர்களால் அவற்றில் தனித்தனியே பூட்டவேண்டும். இன்வேட்டருக்குச் செல்லும் நேர் வயரை ஒரு பட்டையின் இடக்கோடியில் எடுத்தால், எதிர் வயரை மற்றதன் வலக்கோடியில் எடுத்தல் சிறந்தது. பற்றரி பட்டைக்கு மிக அண்மையில் இருக்கிறதென்று அதன் வயரை மட்டும் வெட்டிக் குறுக்கலாகாது.

பட்டை எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும்? 5 கிலோவாற்று இன்வேட்டர் ஒன்றையும் 48 வோல்ற்றுப் பற்றரியையும் எடுத்துக்கொள்வோம். பற்றரி இறங்கி 44 வோல்ற்றுக்கு வரும்போதும், மாற்றத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வீணாகும்போதும், இன்வேட்டர் முழுச் சுமையில் இழுப்பது ஏறத்தாழ 126 அம்பியர். இரண்டு இன்வேட்டர்கள் 252 அம்பியர் இழுக்கும். காற்பங்கு கூட்டினால் 315. செப்புக்குச் சதுர மில்லிமீற்றருக்கு 1.6 அம்பியர் என்று கொண்டால், 40 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டை பொருந்தும். 24 வோல்ற்று அமைப்பில் அதே வேலைக்கு இருமடங்கு அம்பியர் பாயுமாதலால் பட்டையும் இருமடங்கு பருமன் வேண்டும். காற்றோட்டமற்ற பெட்டிக்குள் வைப்பதாயின், நம் ஊர் வெப்பத்தையும் எண்ணி, இன்னும் ஒரு படி தடித்ததைத் தெரிவுசெய்தல் தகும். பற்றரி ஒன்று தானாக விலகிக்கொண்டாலும் எஞ்சியவையே முழுச் சுமையையும் கொடுக்கும் என்பதால், பட்டையின் எப்பகுதியும் முழு ஓட்டத்தையும் தாங்கவேண்டும்.

உலோகத்திலே ஏமாற்றம் மிகுதி. வெள்ளீயம் பூசிய செம்பும், அவ்வாறு பூசிய பித்தளையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பித்தளையோ செம்பைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தடை உடையது. மறைவான ஓரத்தைக் கத்தியாற் சற்றே சுரண்டிப் பாருங்கள்: செந்நிறமாயின் செம்பு; மஞ்சளாயின் பித்தளை. காந்தம் ஒட்டினால் இரும்பு. அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுக. உப்புக்காற்று வீசும் தலைமன்னார், பேசாலை, சிலாவத்துறை போன்ற கரையோர ஊர்களில் வெறுஞ் செம்பு விரைவிற் பச்சை பிடிக்கும். அங்கே ஈயம் பூசிய செம்பையே வாங்குக. செம்போடு அலுமினியத்தை நேரே சேர்த்தால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும்.

நல்ல பட்டையும் பூட்டுப் பிழைத்தாற் பயனற்றதாகும். ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை ஒரு மூட்டில் இருந்தாலும், 250 அம்பியர் பாயும்போது அங்கே பிறக்கும் வெப்பம் 62 வாற்றுக்கு மேற்படும். பழைய 60 வாற்றுக் குமிழ் விளக்கின் சூடு முழுவதும் ஒரு போல்ற்றின் தலையில் திரண்டால் பிளாஸ்ரிக் உருகாது என் செய்யும்? ஆதலால் வயரின் நுனியிலுள்ள செப்புக் காது பட்டையின்மேல் நேரே படிந்திருத்தல் வேண்டும். வாசர் காதுக்கு மேலே, நட்டின் அடியில் வரவேண்டும். காதுக்கும் பட்டைக்கும் நடுவில் வரலாகாது. துருப்பிடியா உருக்கு வாசர் இடையில் அகப்பட்டால், செம்பைப்போல் 40 மடங்கு தடையுடைய பொருளினூடே மின் பாயவேண்டியதாகும். இப்பிழையைப் பணக்கார வீடுகளிலும் காணலாம். ஒரு போல்ற்றில் நான்கு காதுகளை அடுக்குவதும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்துளை வேண்டும்.

உருகி என்னும் பியூஸ் ஒவ்வொரு பற்றரிக்கும் தனியாக, அதன் நேர்முனைக்கு மிக அண்மையில் இருக்கவேண்டும். ஒரு பற்றரியின் உள்ளே கோளாறு நேர்ந்தால், ஏனைய யாவும் தம் ஆற்றலை அதனுள்ளே கொட்டும். லிதியம் பற்றரிகளில் அவ்வோட்டம் ஆயிரக்கணக்கான அம்பியராகலாம். வீட்டு மின்பலகைக்குரிய திரிப் சுவிச்சை இங்கே பொருத்துவது பெருந் தவறு. நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 100 முறை பூச்சியத்தைக் கடப்பதாற் பொறி தானே அணையும். பற்றரி மின்சாரம் ஒருபோதும் பூச்சியத்தைக் கடவாது, பொறி எரிந்துகொண்டேயிருக்கும். நேரோட்ட மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டதும், போதிய வோல்ற்றளவு குறிக்கப்பட்டதுமானதையே கேட்டு வாங்குக.

புதுப் பற்றரியைப் பழையதோடு சேர்க்குமுன், இரண்டும் ஒரே வகையினவா எனப் பார்த்து, இரண்டையும் முழுதாக ஏற்றி, வோல்ற்று வேறுபாடு 0.1 க்குள் இருப்பதை அளந்தறிதல் வேண்டும். இரு இன்வேட்டர்கள் ஒரே பட்டையில் நிற்கலாம். ஆனால் உற்பத்தியாளர் அனுமதித்த வகையல்லாது அவற்றின் வெளிவரும் மின்சாரத்தை ஒன்றாகச் சேர்த்தல் கூடாது.

இவ்வேலையைத் தகுதியுள்ள மின்வல்லுநரே செய்யவேண்டும். கமக்காரர் அருகில் நின்று பார்க்கவேண்டியவற்றையே இங்கு கூறினோம். வேலை முடிந்ததும் இரு பட்டைகளுக்கும் தனித்தனி மூடி இட்டிருக்கிறாரா என நோக்குக. 48 வோல்ற்று அதிர்ச்சி தராது என்று சொல்வோர், கைதவறிய சாவி இரு பட்டைகளின் குறுக்கே விழுந்தால் எழும் தீப்பிழம்பைக் கண்டறியார். திறக்கும்போது மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிடவேண்டும். அமிலப் பற்றரி ஏற்றப்படுகையில் எரியும் வாயு வெளிப்படுமாதலால், பட்டையை அதன் நேர்மேலே வைக்கலாகாது. அறைக்குக் காற்று வழியும் வேண்டும்.

முதன்முறை முழுச் சுமையில் அரைமணி நேரம் ஓட்டி, தொடாமலே வெப்பம் காட்டும் கருவியால் ஒவ்வொரு மூட்டையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றினும் சூடாயிருப்பின் அம்மூட்டு தளர்ந்தது அல்லது அழுக்கேறியது. ஒரு மாதத்தின் பின்பும், அதன்மேற் காலபோகம், சிறுபோகம் ஒவ்வொன்றும் தொடங்குமுன்னும், மின்னை முற்றாக நிறுத்திவிட்டு, உற்பத்தியாளர் குறித்த இறுக்கத்துக்கு நட்டுகளைச் சரிபார்க்கச் செய்க.